கொஞ்சம் லூஸாக

கலாசிப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்சந்து,
இரண்டாம் மாடி, லிஃப்ட் இல்லை.
பகலெல்லாம் அக்ரிலிக்கில் டாக்டர்களின் பெயர் வெட்டுகிறேன்,
கேக்கின்மேல் செருகும் வாழ்த்து, சாவிக்கொத்து,
பிப்ரவரி வந்தால் ஏழெட்டு ஜோடிகளின்
போட்டோ ஜிக்சா.

எலிசா மேலேறி வந்தபோது மூச்சு வாங்கியது.
காக்கிச் சட்டை. தோளில் தோல் பை.
பையைக் கழற்றாமலே போனை நீட்டினார்:
டிப்போவில் கழுவிய ஈரத்தோடு ஒரு நீல பஸ்,
முன் டயரில் கால் ஊன்றி டிரைவர் முனிரத்தினம்.

“பதினோரு வருஷம் அவர் ஓட்டினார், நான் விசிலடிச்சேன்.
மார்ச்ல பக்கவாதம். வலது கை.
விரலுக்கு வேலை குடுக்கச் சொல்லுது பிசியோ பொண்ணு.
பாசிப்பயறு பொறுக்கச் சொன்னா
தட்டையே தள்ளிவிடுறாரு.”

இருபத்துநான்கு துண்டு என்று பேசி முடித்தோம்.

லேசர் வெட்டுவதாகச் சொல்கிறோம், அது எரிக்கிறது.
கோடு போகும் வழியெல்லாம் மயிரிழை அளவு பலகை
புகையாகி, குழாய் வழியே
சந்தில் இறங்கிவிடும்.
அந்த மயிரிழையோடுதான் எனக்கு ஆறு வருடச் சண்டை.
லென்ஸைத் துடைத்து, ஃபோகஸைத் திருகித் திருகி
முக்கால்வாசி ஜெயித்திருந்தேன்.
கோத்த படத்தை ஒரு மூலையில் பிடித்துத் தூக்கினால்
ஒரு துண்டும் உதிராது என் ஜிக்சாவில்.
வருகிறவர்களுக்கெல்லாம் தூக்கிக் காட்டுவேன்.

எலிசாவுக்கும் தூக்கிக் காட்டினேன்.
அவர் ஒரு துண்டைப் பிடுங்கினார், திரும்பச் செருகினார்.
“இறுக்கமா இருக்கே. அவர் கை இப்படி ஆடும்”
என்று தன் கையை ஆட்டிக் காட்டினார்,
ஓடும் பஸ்ஸில் கம்பியை விட்டுவிட்டுச்
சில்லறை எண்ணிப் பழகிய கை.
“கொஞ்சம் லூஸா வெட்டித் தர முடியுமா?”

இதுவரை யாரும் கேட்காதது.

அன்றிரவு ஃபோகஸைக் கெடுத்தேன்.
தலையை இரண்டு மில்லி உயர்த்தி, வேகத்தைக் குறைத்து,
வேண்டுமென்றே தடித்த கோடு.
கரி அப்பாமலிருக்கப் படத்தின்மேல் டேப் ஒட்டினேன்.
முனிரத்தினத்தின் முகத்தைக் கோடு தொடாமல் வளைத்தேன்.
மணிக்கட்டைத் தப்பவைக்க முடியவில்லை,
அங்கே ஒன்று விழுந்தே தீர்ந்தது.
பதினேழாவது துண்டில் கரண்ட் போனது.
வேறு பலகை. மறுபடி முதலிலிருந்து.

சோதித்துப் பார்க்க இருந்தது என் இடது கை.
கண்ணை மூடிக்கொண்டு தடவிச் செருகினேன்.
உட்கார்ந்தது. ஆனால் மேசையைத் தட்டினால்
பழைய பஸ்ஸின் ஜன்னல் கண்ணாடி மாதிரி
படம் முழுக்கக் கடகடத்தது.
வெட்கமாகத்தான் இருந்தது,
பெட்டியின்மேல் கடை ஸ்டிக்கரை ஒட்டவில்லை.

எலிசா நோட்டுகளை நீளவாக்கில் மடித்து
விரலிடுக்கிலிருந்து உருவித் தந்தார்.
மீதி இருபது ரூபாய் என்னிடம் இல்லை.
பையிலிருந்து ஒரு டிக்கெட்டைக் கிழித்து நீட்டினார்:
“பின்னால எழுதிக் குடுங்க,
இறங்கும்போது வாங்கிக்கிறேன்.”

மழைக்காலம் பாதி போயிருந்தது.
படியில் காலடி கேட்டது, பிறகு இருமல்.
முதலில் மேசைமேல் வந்தது அந்த டிக்கெட், ஓரம் கசங்கி.
இருபது ரூபாயை எண்ணி வைத்தேன்.
அப்புறம்தான் போன்: கேன்டீன் தட்டில் ஒரு மசால் தோசை,
பக்கத்தில் சட்னி வழிந்திருக்கிறது.
“பஸ் அலுத்துப்போச்சாம். இதை நூறு துண்டா போடுங்க.
இந்தத் தடவை இறுக்கமா.”

தோசையின் பழுப்பு முழுக்க ஒரே பழுப்பு,
எந்தத் துண்டு எங்கே என்று எனக்கே குழப்பம்.
ஃபோகஸைப் பழைய இடத்துக்கு இறக்கி வெட்டினேன்.
வழக்கம்போல் இடது கையால் ஒன்றைச் செருகப் போனேன்:
முட்டியது, நழுவியது, திருப்பினேன்,
மறுபடி முட்டியது.

எலிசா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.
“இந்நேரத்துக்கு அவர்
உங்களை ஓவர்டேக் பண்ணியிருப்பாரு.”